லாரி டியூபுக்குள் ஓர் அடுப்பு

1

ஒரு பள்ளி மலருக்காக, எரிசக்தியைப் பற்றி மாணவர்களுக்குக் கட்டுரை கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். ‘ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது’ என்று முதல் வரியை எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. படிக்கப்போகிற பிள்ளைகளை நினைத்துப் பாவமாக இருந்தது. அந்த வரியை அடித்தேன். அடித்த இடத்தில், கையெல்லாம் சாணியோடு கண்ணாத்தாள் வந்து நின்றாள். அதனால் இது கட்டுரை இல்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: 1983ஆம் ஆண்டு வானம் பொய்த்தது, பூமி பிளந்தது, மனித மனங்களும்—

(வேண்டாம். மழை இல்லை, கரண்டு அடிக்கடி போனது. அவ்வளவுதான்.)

இரண்டாம் முயற்சி: திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி. நானும் கண்ணாத்தாளும் ஒன்பதாம் வகுப்பு. அறிவியல் டீச்சர் அக்தர் பானு, சேலம் அம்மாபேட்டையிலிருந்து புதிதாக வந்தவர். ஆற்றல் பாடம் முடிந்ததும் பரீட்சை வைக்காமல், பாடத்தைக் கண்ணால் பார்க்கிற மாதிரி எதையாவது செய்துகொண்டு வரச் சொன்னார். பாட்டுக் கட்டலாம், நாடகம் போடலாம், பொம்மை செய்யலாம். புத்தகத்துப் படத்தை மட்டும் வரையக் கூடாது.

ராசம்மாள் கூட்டம் காற்றும் வெயிலும் சண்டை போடுகிற கும்மிப் பாட்டுக் கட்டியது. கண்ணாத்தாள் எழுந்து, சாணியை வைத்து டீ போட்டுக் காட்டுவதாகச் சொன்னாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அதற்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நல்ல டீச்சரை நீங்கள் நம்புவீர்களா? ஒரு குறையாவது இருக்கட்டும் என்று ‘அவருக்குக் கோபம் அதிகம்’ என எழுதிப் பார்த்தேன். அது பொய். உண்மையான குறை, சாணி நாற்றம் அவருக்குக் குமட்டும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே கடைசிவரை எங்களோடு நின்றார்.

கண்ணாத்தாளின் மாமா லாரிப் பட்டறை வைத்திருந்தார். பழைய டியூப் அங்கிருந்து வந்தது. சைக்கிள் ஷெட்டில் ஒரு பீப்பாய் நிறையச் சாணி கரைத்து, மூடியைத் தாரால் அடைத்து, அதில் செருகிய ரப்பர்க் குழாயை டியூபோடு இணைத்தோம். சில வாரத்தில் டியூப் மெல்ல உப்பியது. அதிலிருந்து இன்னொரு நீளக் குழாய் இழுத்து, அதன் முனையில் ஆணியால் துளையிட்ட தகர டப்பாவைப் பொருத்தினோம். அதுதான் அடுப்பு. தீக்குச்சியைக் காட்டினால் குச்சிதான் அணைந்தது.

கண்ணாத்தாள் அழுதுவிட்டாள். டீச்சர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“எனக்கும் தெரியலம்மா. பத்தும்னுதான் புஸ்தகத்துல போட்டிருக்கு. ஏன் பத்தலைன்னு நாம யோசிப்போம்.”

ஒரு டீச்சர் ‘தெரியல’ என்று சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. கண்ணாத்தாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் டியூபையே பார்த்தாள்.

“மொதல்ல வந்தது வேற காத்தா இருக்குமுங்க. அத வெளிய உட்டுப்போட்டு மறுக்காப் பாக்கலாமுங்களா?”*

விட்டோம். காத்திருந்தோம். மறுபடி உப்பியபோது பற்றியது.

(*முதலில் வரும் வாயுவில் எரியாத கரியமில வாயுவே அதிகம். இதை நான் கல்லூரியில் படித்தேன். அவள் ஷெட்டில் உட்கார்ந்தே கண்டுபிடித்தாள்.)

4

பள்ளி அறிவியல் கண்காட்சி நாள். இந்த நாற்றத்தை ஹாலுக்குள் விட முடியாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். ஹாலுக்குள், வேறொரு கூட்டம் செய்த, பல்பு எரியும் தெர்மகோல் அணைக்கட்டு இருந்தது. கல்வி அதிகாரி வந்தார். அப்போது கரண்டு போனது, அணைக்கட்டு இருண்டது, எல்லோரும் ஷெட்டுக்கு ஓடிவந்து—

(இல்லை. இப்படி எழுதக் கை துடிக்கிறது. ஆனால் அன்றைக்குப் பார்த்துக் கரண்டு போகவே இல்லை. அதிகாரி அணைக்கட்டைப் பாராட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஷெட்டுப் பக்கம் வரவில்லை.)

5

நடந்தது இது. கண்ணாத்தாளைக் கூட்டிப்போக அவள் அம்மா ஆத்தாயி காட்டுவேலை முடித்து வந்திருந்தார். யாரும் பார்க்காவிட்டால் என்ன, நாம் டீ குடிக்கலாம் என்றார் டீச்சர். நான் டியூபின் மேல் உட்கார்ந்தேன். என் கனத்துக்கு வாயு நன்றாக வந்தது. வெயிலில் தீ கண்ணுக்கே தெரியவில்லை. கண்ணாத்தாள் உள்ளங்கையை மேலே காட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். பால் பொங்கியது.

ஆத்தாயி டீயைக் கையில் வாங்கவில்லை. விடிந்தால் அடுப்பை ஊதி ஊதி இருமுகிறவர். பாத்திரத்துக்கு மேலே எதையோ தேடினார்.

“பொகையவே காணோமுங்களே, டீச்சர்?”

தன்னைக் கேட்க வேண்டாம், செய்தவளைக் கேளுங்கள் என்று டீச்சர் கைகாட்டினார். ஆத்தாயி மகள் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது.

“சாமி, இத நம்மூட்டுல வெக்க முடியுமா?”

“முடியும்மா. பெருசாக் குழி வெட்டோணும்.”

அடுத்த தைக்குள் வெட்டிக் கட்டினார்கள். எரிந்தது. நானே போய்ப் பார்த்தேன்.

6

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். கண்ணாத்தாள் விடவில்லை. பீப்பாயைக் கொட்டும்போது டீச்சரிடம் கேட்டாள்: வாயுவைக் கொடுத்து முடித்த சாணிக்கு, மண்ணுக்குக் கொடுக்க இன்னும் சத்து மிச்சம் இருக்குமா?

“தெரியலையேம்மா” என்று டீச்சர் இந்த முறை சிரித்தார்.

பள்ளிக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி கட்டினோம். ஒன்றுக்கு வழக்கமான எரு, மற்றதற்குப் பீப்பாய்ச் சக்கை. ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே வெயில்.

எந்தப் பாத்தி செழித்தது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் விடையைப் படித்தவர்களாகிவிடுவீர்கள். கண்ணாத்தாளோ தினமும் காலையில் பாத்திக்கு ஓடினாள்.

நீங்களும் இரண்டு பாத்தி கட்டிப் பாருங்கள். தண்டங்கீரை சீக்கிரம் முளைக்கும்.