இருநூறு புள்ளி பூஜ்யம்

மழை அளப்பவரின் நோட்டில் பத்தொன்பது வருடங்களாக ஓர் அடித்தல்கூட இல்லை. தினமும் காலை எட்டரைக்கு ஏரிக்கரைக்குப் போவார். முந்தின நாள் மழை மழைமானியின் டப்பாவில் சேர்ந்திருக்கும். அளந்து, மில்லிமீட்டரில் எழுதி, கொட்டிவிட்டு வருவார்.

நோட்டைப் பார்க்க அவர் வீட்டுக்கே வந்திருந்தாள் பொறியாளர். ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் வழியை அகலப்படுத்தப் போகிறார்கள். எவ்வளவு என்பதை இந்த நோட்டுதான் சொல்ல வேண்டும். கரைக்குக் கீழே முந்நூறு வீடுகள். இந்த வீடு இரண்டாவது வரிசை.

"எழுத்து முத்து முத்தா இருக்கு சார்."

புரட்டினாள். 43.4. 7.2. 112.6. ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"போன வருஷம் 200.0. அதுக்கு முந்தின வருஷமும் 200.0. மழை ஸ்கேல் வச்சுப் பேஞ்சுதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டப்பாவே இருநூறுதாம்மா புடிக்கும்."

"வழிஞ்சுதா?"

துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வழிஞ்சுதுன்னு சொல்லுங்களேன். வாய்க்கு என்ன பூட்டா?" அடுப்படியிலிருந்து மனைவி.

"கனமழைன்னா நடுவுல ஒரு தடவை அளந்து கொட்டணும். அதான் விதி. அந்த ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் மழை நூத்தி இருபதைத் தாண்டினதே இல்லை. முதல் தடவை, தாண்டாதுன்னு இருந்துட்டேன். போன வருஷம் கிளம்பத்தான் செஞ்சேன். தெருவுல இடுப்பளவு தண்ணி."

"இருநூறுன்னா பன்னிரண்டு மீட்டர் அகலம் போதும். நிஜமா எவ்வளவு?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும்." மனைவி கையைத் துடைத்தபடி வந்தாள். "போன வருஷம் அப்போ எட்டு நாளா குழாயில தண்ணி வரல. டிரம்மைக் கழுவி முற்றத்துல வச்சேன். மத்தியானம் பிடிச்ச மழை. காலையில பாத்தா முதல் வளையம் வரைக்கும் தண்ணி."

"கூரைத் தண்ணி விழலையே?"

"பத்தொன்பது வருஷமா இவரோட குடித்தனம் பண்றேன். மழையை எங்க வச்சுப் புடிக்கணும்னு தெரியாதா?"

மேலும் கீழும் ஒரே அகலமான நீல டிரம். பொறியாளர் டேப்பை உள்ளே விட்டு முதல் வளையம் வரை இரண்டு முறை அளந்தாள்.

"முந்நூத்திப் பத்து."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரு தடவையும் எழுதாமலே காய்ந்திருந்தது. பொறியாளர் தன்னுடையதைக் கொடுத்தாள். இரண்டு இருநூறையும் ஸ்கேல் வைத்து அடித்தார். பக்கத்தில் 'டப்பா நிரம்பி வழிந்தது' என்று எழுதினார். போன வருடத்துக்குக் கீழே மட்டும், 'வீட்டு டிரம்மில் 310'. கையெழுத்து. தேதி.

"மெமோ வரும் சார்."

"தண்ணி வர்றதுக்கு முன்னாடி வரட்டும்மா."

அவள் தன் தாளில் பன்னிரண்டை அடித்தாள். கிளம்பும்போது வாசலில் திரும்பினாள்.

"பெரிய டப்பா அனுப்பறேன். அதுவரைக்கும் டிரம்மைக் காலியா அங்கேயே வைங்க."

"சரிதான். அப்போ குழாய்த் தண்ணியை எதுல புடிக்கிறது?" என்றாள் மனைவி.