அம்மாளிடம் போன முன்கதிரை

என் வான் வண்டியில் முதன்முதல் பயணம் செய்தவை வெங்காய மூடைகள். அடுத்தது ஊர்காவற்றுறை யூலியானா அக்காவின் மீன்பெட்டி. அதற்குப் பிறகு இரண்டு மறியாடுகள், கலியாண வீட்டுக் கிடாரம், ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஒரு மாப்பிள்ளை. வேலணையில் ஏறக்கூடிய எல்லாம் ஏறி இறங்கிவிட்டன. ஏறாத ஒரே ஆள் என் மனைவி பவதாரணி. அவளுக்காகத்தான் இந்த வானையே வாங்கினேன் என்று சொன்னால், ஊரில் ஆடுகள்கூட நம்பாது.

பவாவுக்கு யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில் கோப்புப் பார்க்கிற வேலை. தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போய், நின்றுகொண்டு வருவாள். வந்ததும் குசினிக் கதவைப் பிடித்தபடி இடுப்பை மெல்ல நிமிர்த்துவாள். "நோகுதோ?" என்று கேட்டால், "இல்லை, கதவு விழாமல் பிடிக்கிறன்" என்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வான் தேடத் தொடங்கினேன்.

வான் என்றதும் பெரிதாக எண்ணவேண்டாம். கதவைத் திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது என்ற நிலையில் என்னிடம் வந்த சின்ன வான். நான் அதைத் திருத்தினேன். அதாவது வெட்டினேன், ஒட்டினேன், ஒட்டியதை மறுபடி வெட்டினேன். பின்பக்கக் கதிரைகளைக் கழற்றிவிட்டு இரு பக்கமும் மடிக்கிற வாங்குப் பலகை போட்டேன். மடித்தால் மூடை, விரித்தால் ஆட்கள். தரைக்குத் தகரம் அடித்து, மீன்தண்ணி வடிய ஒரு துளை போட்டேன். தரை எந்தப் பக்கம் சரிகிறது என்பதைத் துளை போட்ட பிறகுதான் பார்த்தேன். ஆகவே இப்போது இரண்டு துளைகள். ஒன்றால் தண்ணீர் போகும், மற்றதால் புழுதி வரும்.

ஆனால் முன்கதிரையில் மட்டும் நான் விளையாடவில்லை. கொழும்புக்கு ஓடிக் களைத்த ஒரு சொகுசு பஸ்ஸின் கதிரை அது. கைபிடி உண்டு, தலை வைக்க மெத்தை உண்டு, பக்கத்தில் ஒரு பிடி உண்டு. இழுத்தால் முதுகு சாயும். பவாவின் இடுப்புக்கென்றே தேடிப் பிடித்துப் பொருத்தினேன். கியர் மாற்றும்போது அதன் கைபிடியில் என் முழங்கை இடிக்கும். மூன்றாம் கியரை மறந்துவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை.

வான் தயாரானதும் கதவைத் திறந்துபிடித்து, "ஏறும்" என்றேன்.

"ஏலாது" என்றாள் பவா. "நேத்தி வைச்சிருக்கிறன்."

வான் தேடிய நாட்களில் ஒவ்வொரு பேரமும் கடைசியில் குழம்பக் குழம்ப, அவள் எனக்குத் தெரியாமல் நயினாதீவு நாகபூசணி அம்மாளுக்கு நேர்ந்திருக்கிறாள். வான் கிடைத்தால் அம்மாள் வாசலில் கொண்டுபோய் நிறுத்திப் பூசை செய்வித்த பிறகுதான் ஏறுவது என்று. நேரும்போது ஒன்றை மறந்துவிட்டாள். இடையில் கடல்! பிறந்த நாள்முதல் நாலு பக்கமும் கடலைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால்தான் மறந்தாள் போலும். தீவார் எங்களுக்குக் கடலும் ஒரு றோட்டு மாதிரித்தான்.

சாமான் ஏற்றும் பாதைப்படகில் வானைக் கொண்டுபோகலாம் என்றார்கள். குறிகட்டுவானுக்குப் போய் அந்தப் படகைப் பார்த்தேன். பலகை ஆடியது. படகும் ஆடியது. ஏற்றுகிறவரும் கொஞ்சம் ஆடினார். வானை அம்மாளுக்குக் காட்டப்போய்க் கடலுக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டிவரும் என்று திரும்பிவிட்டேன்.

அதன்பிறகு எங்கள் காலைகள் இப்படிப் போயின. பவா பஸ்ஸில் ஏறுவாள். நான் மரக்கறியோடு பஸ்ஸுக்குப் பின்னால் வெளிக்கிடுவேன். முந்தமாட்டேன். கடலுக்கு நடுவால் போகிற பண்ணைத் தாம்போதி முழுக்கப் பஸ்ஸின் பின்கண்ணாடிக்குள்ளால் அவள் தெரிவாள். ஒரு கை கம்பியில், மற்றக் கை இடுப்பில். எனக்குப் பக்கத்தில் அவளுடைய மெத்தைக் கதிரையில் ஒரு பூசணிக்காய் சாய்ந்து படுத்தபடி வரும். ஆட்களை அதில் இருக்க விடுவதில்லை. பூசணிக்காய்க்கு மட்டும் அனுமதி.

"பெண்சாதி பஸ்ஸில, பூசணிக்காய் சொகுசில" என்றாள் பின் வாங்கில் இருந்த யூலியானா அக்கா. "தம்பி, நீர் நல்லா வருவீர்."

அன்று மாலையே நயினாதீவுக் கோயில் கைலாசபதி ஐயருக்குப் போன் எடுத்தேன். "வான் வரவேண்டாம், சாவியைக் கொண்டு வாரும். அதுக்குப் பூசை செய்வம்" என்றார். ஓடிப்போய்ப் பவாவிடம் சொன்னேன்.

"சாவியிலையே நான் ஏறி இருக்கப்போறன்?" என்றாள்.

"நீர் இருக்கப்போறது கதிரையில."

"ஓம்."

"அப்ப கதிரை போகட்டும்."

பேசுவதற்காகச் சொன்ன பேச்சு. ஆனால் பவா யோசித்தாள். கந்தோரில் கோப்புப் பார்க்கிற முகத்தோடு யோசித்தாள். பிறகு, "அது சரிதான்" என்றாள். அந்தக் கதிரையின் பாரம் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை அதை மஞ்சள்தண்ணி தெளித்துக் கழுவினோம். பவா வழக்கம்போலப் பஸ்ஸில் குறிகட்டுவானுக்கு வந்தாள். இறங்குதுறையில் நாலு போல்ட்டையும் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கதிரையின் ஒரு பக்கத்தை நான் தூக்கினேன். மறுபக்கத்தை யூலியானா அக்கா தூக்கினாள். அன்று அவளுக்கு நயினாதீவில் ஒரு வேலையும் இல்லை. "கதிரை கடல் கடக்கிறதை இனி எப்ப பாக்கிறது?" என்று கூடவே வந்துவிட்டாள்.

ஆட்கள் ஏற்றும் லோஞ்ச் படகுக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணை, மற்ற ஆக்கள் பூவும் பழமும் கொண்டு போவினம்."

"இதுவும் நேத்திதான்."

"இனி ஆரும் அலுமாரிக்கு நேராமல் இருந்தால் சரி."

கதிரை உள்வாசலுக்குள் நுழையவில்லை. முன்தட்டில் வைத்தோம். கூட்டம் நெரிந்தது. எல்லோருடைய கண்ணும் அந்த வெறுங்கதிரையில்தான். ஒரு பெரியவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அதில் இருக்கப் பார்த்தார்.

"ஐயா, இருக்கக்கூடாது. அம்மாளுக்குப் போகுது" என்றாள் பவா.

"அம்மாள் இப்ப சாய்ஞ்சோ இருக்கிறா?" என்று கேட்டுவிட்டு அவர் பாதியில் நிமிர்ந்தார்.

பாதிக் கடலில் சோளகக் காற்று பிடித்தது. லோஞ்ச் ஒரு பக்கம் சரிந்தது. போல்ட் இல்லாத கதிரை, மஞ்சள் பூசிய முகத்தோடு, மெல்ல விளிம்பை நோக்கிப் புறப்பட்டது. நான் பாய்ந்தேன். என் கையில் அகப்பட்டது பெரியவரின் வேட்டிதான். அவர் போட்ட சத்தத்தில் லோஞ்சே ஒருமுறை நிமிர்ந்ததுபோல இருந்தது. கதிரை நிற்கவில்லை.

"பிள்ளை, பாரம் வேணும்! இரு அதில!" என்று கத்தினாள் யூலியானா அக்கா.

பவா இருந்தாள். பாய்ந்து, இரண்டு கைபிடியையும் இறுக்கிப் பிடித்து, காலைத் தட்டில் ஊன்றி, பொத்தென்று இருந்தாள். கதிரை நின்றது.

காற்று அடங்கியது. பெரியவர் வேட்டியைச் சரிசெய்தார். தான் எதில் இருக்கிறாள் என்று பவாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் முகம் வாடியது. என்னுடையது அவளுடையதைப் பார்த்து வாடியது. நேர்த்தி போச்சு! இனி வாழ்நாள் முழுக்கப் பூசணிக்காயோடுதான் என் பயணம் என்று முடிவுகட்டினேன்.

பவாவின் கை பக்கத்திலிருந்த பிடியில் பட்டது. முதுகு சாய்ந்தது. அவளும் அதோடு சாய்ந்தாள்.

"இது சாயுமோ?" என்றாள்.

"சாயும்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீர் ஏறினால் எல்லோ சொல்லுறது!"

அவள் கண்ணை மூடினாள். நயினாதீவு வரும்வரை எழும்பவில்லை.

கோயில் வாசலில் நான் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டேன். எங்கோ கல்தளத்தில் கிணிங், கிணிங் என்று கேட்டது. யாரோ சில்லறை போடுகிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டேன்.

ஐயர் கதிரைக்குச் சந்தனம் பூசிப் பூமாலை போட்டார். பக்கத்துப் புத்த விகாரைக்கு வந்திருந்த தெற்கத்தி ஆட்கள் சிலர் இது எந்தக் கடவுளின் சிம்மாசனமோ என்று பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். தேங்காய் உடைக்கப்போகும் நேரத்தில் பவா வாய் திறந்தாள்.

"ஐயா, ஒரு பிழை நடந்துபோச்சு. பூசைக்கு முந்தி இருந்திட்டன்."

"வானுக்குள்ளையோ?"

"இல்லை. கதிரையில. கடலில."

"அப்ப வானில ஏறேல்லைத்தானே. ஒரு பிழையும் இல்லை."

"கதிரை வான் இல்லையெண்டால், இந்தப் பூசை வானுக்குச் சேராதே ஐயா. சேருமெண்டால், நான் முந்தியே ஏறினதாய்ப் போகும்."

ஐயர் ஓங்கிய தேங்காயை இறக்கினார். "பிள்ளை, எந்தக் கந்தோரில வேலை?"

பவா சொன்னாள்.

"அதுதான். அம்மாளுக்கு இவ்வளவு சட்டம் தெரியாது, பிள்ளை" என்று சொல்லித் தேங்காயை அடித்தார். அது இரண்டாகச் சரியாகப் பிளந்தது. பவா அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிக்க நானும் சிரித்தேன். சிரித்தபடியே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு போல்ட்தான் இருந்தது.

குனிந்து குனிந்து தேடினோம். பக்தர்களும் தேடினார்கள். பாதிப்பேருக்கு எதைத் தேடுகிறோம் என்றே தெரியாது. ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மாளுக்கு அந்த மூன்றும் தேவைப்பட்டிருக்கும்.

குறிகட்டுவானில் கதிரையை வானுக்குள் வைத்து, ஒரு மூலைக்குப் போல்ட் பூட்டி, மற்ற மூன்றுக்கும் யூலியானா அக்கா ஆட்டுக்கயிற்றால் கட்டினாள். வலைகட்டுகிற ஆளின் முடிச்சு. இழுத்துப் பார்த்தேன், வான் அசைந்தது, கதிரை அசையவில்லை. நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பூமாலையும் சந்தனமுமாய் இருந்த கதிரையில் பவா ஏறி, பெல்ட்டைப் போட்டு, சேலையைச் சரிசெய்தாள்.

"மெல்லப் போங்கோ. கயிறு."

சைக்கிள்காரர் எங்களை முந்தினார்கள். வேலணைக்கு வருகிற தாம்போதியில் ஏறியபோது பின்னால் ஹோர்ன் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். பஸ். எட்டிப்பார்த்த நடத்துநர், வழக்கமாய்த் தன் பஸ்ஸில் கம்பியில் தொங்கும் பவா அக்கா மாலைக்கு நடுவில் சாய்ந்திருப்பதைக் கண்டு வாயைப் பிளந்தான்.

"ஓரம் கட்டட்டோ?" என்று கேட்டேன்.

பவா பிடியை இன்னும் கொஞ்சம் இழுத்தாள். இரண்டு பக்கமும் கடல் மினுங்கிக்கொண்டிருந்தது.

"பின்னுக்கு வரட்டும்" என்றாள். "இவ்வளவு நாளும் நீங்கள் அதுக்குப் பின்னால வரேல்லையே?"