ஜோடிக்கு வைத்த கதவு

டப்ளினில் கில்வாரா பிரபுவின் மாளிகையில் எல்லாம் ரோமாபுரிப் பாணி. எதுவும் ஜோடியாக இருந்தாக வேண்டும். இரண்டு தூண், இரண்டு பளிங்குத் தேவதை, கணப்புக்கு இருபுறமும் இரண்டு கதவு. வலப்பக்கத்துக் கதவுதான் நிஜம். இடப்பக்கத்தில் இருந்தது ஜோடிக்காகச் சுவரில் அறைந்த பலகை. அதற்கும் ஒரு பித்தளைப் பிடி. இரண்டையும் தினமும் பளபளக்கத் துடைப்பது வேலையாள் ஃபின்டனின் தலையெழுத்து.

அன்று தேநீருக்கு வந்தவர்கள் முன்னால் பிரபு மாட்டு வியாபாரி மகளான தன் புது மனைவி அராமிண்டாவைக் காட்டி, "இவ வாயைத் திறந்தா மாட்டுச்சந்தை நாத்தம் அடிக்கும்" என்றார்.

அவள் கோப்பையை டொக்கென்று வைத்தாள். "நான் எங்கப்பா வீட்டுக்கே போறேன்."

"தாராளமா போ. உன் கையை யாரு பிடிச்சா?"

கண்ணீர் கண்ணை மறைக்க, விறுவிறுவென்று போய் இடப்பக்கத்துப் பிடியைத் திருகினாள். இரண்டு கையாலும் இழுத்தாள். பிரபுவின் அக்கா முதலில் சிரித்தாள். பிறகு அறையே சிரித்தது.

"அது சும்மா அழகுக்கு, கண்ணு. உன்னை மாதிரி" என்றார் பிரபு.

அராமிண்டா வலப்பக்கம் நின்ற ஃபின்டனிடம் வந்தாள். "கதவைத் திறப்பா."

எஜமான் தலையசைக்காமல் கதவைத் திறக்கும் வேலையாள் மறுநாள் தெருவில் நிற்பான். ஃபின்டன் பிரபுவைப் பார்த்தான். அவர் நிதானமாகத் தேநீரை உறிஞ்சினார். ஃபின்டனின் கை பிடியிலேயே இருந்தது, ஆனால் அவன் அதைத் திருப்பவில்லை.

"இதுவும் பலகைதானா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள், கதவைப் பார்த்து அல்ல, அவன் முகத்தைப் பார்த்து.