வாய் வெட்டிய நாள்

மேற்கே காட்டிலிருந்து இறங்கும் ஆறு, அதில் சேரும் ஓடைகள், வட்டை எனும் வயல்வெளிகளின் வாய்க்கால்கள் எல்லாம் கடைசியில் வாவியில்தான் வந்து விழும். வாவி கடலுக்குப் போக இந்தப் பக்கம் ஒரே ஒரு வாய். அதையும் மணல் அடைத்துக்கொள்ளும். மனிதர்கள்தான் வெட்டித் திறக்க வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் வருடா வருடம் சண்டை. வெள்ளாமைக்காரனுக்கு வயல் மூழ்குமுன் இன்றைக்கே வெட்ட வேண்டும். மீன்காரனுக்கு இறால் பருக்கும்வரை வெட்டக் கூடாது.

தனுஷியாவுக்கு அந்தச் சண்டை வீட்டுக்குள்ளேயே இருந்தது. புருஷன் நிஷாந்த் வாவியில் தோணி விடுகிறவன். தம்பி யதுர்ஷன் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்கிறவன். "இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்று நிஷாந்த் வாய் வெட்டும் கூட்டத்தில் கத்தினான். பொறுத்தார்கள். மழை பொறுக்கவில்லை. இப்போது வெள்ளம் ஏறி, யதுர்ஷன் வட்டைக்கு நடுவே யானைக் காவல் பரணில் தனியாக மாட்டிக்கொண்டான். படகு வருகிறது, வருகிறது என்றார்கள்; எந்தப் படகு, எந்தக் காலத்தில் என்று ஒருவரும் சொல்லவில்லை. தனுஷியா புருஷனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

காலையில் வாயை வெட்டினார்கள். நிஷாந்தே மண்வெட்டி தூக்கிக்கொண்டு போனான். பின்னேரம் தோணித்துறைக் கட்டையில் தண்ணீர் ஈரக்கோட்டை விட்டு இறங்கியிருப்பதைப் பார்த்ததும் அவள் தம்பியை அழைத்தாள்.

"வாய் வெட்டியாச்சு தம்பி. அங்க வத்துதா?"

"ஓம் அக்கா. பரண் ஏணியில ரெண்டு படி வெளிய தெரியுது. இனி இடுப்பளவுதான் வரும்."

"அப்ப இருட்டுறதுக்குள்ள இறங்கி வா. வாய்க்காலத் தாண்டினா றோட்டுத்தானே."

"வாறன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சேற்றுக் காலோடு வந்த நிஷாந்திடம் தானாகவே பேசினாள். "தம்பிய இறங்கி வரச் சொல்லிப்போட்டன்."

அவன் முகம் செத்துப்போனது.

"என்ன புள்ள செய்து வெச்சிருக்காய்? வாய் வெட்டின அண்டைக்கு ஆராவது வாய்க்காலுக்க கால் வைப்பாங்களா? ஏறுற தண்ணி நிண்டு நிண்டு ஏறும். வத்துற தண்ணி ஆளையும் இழுத்துக்கொண்டுதான் போகும். அவன நில்லெண்டு சொல்லு."

மீன்காரர் வீட்டில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரிந்தது அது. வெள்ளாமை வீட்டில் பிறந்த அக்காவுக்கும் தம்பிக்கும் வற்றும் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர், அவ்வளவுதான்.

அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப அழைத்தாள். அடித்தது. மூன்றாம் முறை ஃபோன் அணைந்திருந்தது.

நிஷாந்த் எஞ்சினைத் தூக்கித் தோணியில் பூட்டினான். துறைக்கு வெளியே வாவி முழுவதும் வெட்டிய வாயைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. வேரோடு பிடுங்கிய வாழையொன்று அதில் உருண்டு போனது.

தனுஷியா தோணிக் கயிற்றைக் கட்டையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். "இண்டைக்கு ஆரும் தண்ணிக்க கால் வைக்கமாட்டாங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க."

"ஓம். பொறுக்கச் சொன்னதும் நான்தானே. கயித்த விடு."

அவள் தம்பியின் இலக்கத்தை இன்னொரு தரம் அழுத்தினாள். அணைந்தேதான் இருந்தது.

கயிற்றை விட்டாள்.