கண்மை மீசை

லிஃப்ட் கதவு மூடியதும் அவன் பழக்கத்தில் தலையைச் சாய்த்து, மேலே கம்பி ஓடும் சத்தத்தைக் கேட்டான். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் இப்படித்தான். அவள் இரண்டு பைகளையும் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். பையின் அடியிலிருந்து கொஞ்சம் மணல் உதிர்ந்தது.

"எப்படி இருக்கு?"

"கம்பி பரவால்ல. கதவுதான் இழுத்துக்கிட்டு மூடுது."

அதற்கு மேல் பேச இருவருக்கும் தெம்பில்லை. ஒரு படகு, அப்புறம் இன்னொரு படகு, விமானம், டாக்சி. முந்தின நாள் மத்தியானம் கடலிலிருந்து ஏறியவர்கள் இன்னும் படுக்கவில்லை. அவள் கழுத்தில் உப்பு காய்ந்து அரித்தது. அவனுக்கு முதுகு முழுக்க வெயிலில் வெந்து தோல் உரிந்ததால் எதிலும் சாயாமல் நின்றான்.

வார்டு வாசலில் அவனுடைய அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"கடல்ல மீனெல்லாம் எண்ணி முடிச்சாச்சா?" என்றவள், தம்பியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "என்னடா இது?"

"எடுத்துட்டேன்க்கா."

"எடுத்திருக்கேன்னு தெரியுது. எதுக்கு?"

"தண்ணிக்குள்ள போடற கண்ணாடியில மீசை வழியா தண்ணி வந்துச்சு."

"தண்ணி வந்தா கண்ணாடியை மாத்துவாங்க. மூஞ்சியையா மாத்துவாங்க?"

அவன் உதட்டுக்கு மேலே தடவிக்கொண்டான். மனைவிதான் சொல்லியிருக்க வேண்டும், அது தன் யோசனை என்று. நாத்தனாரின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"உள்ள போ. காலையிலேருந்து உன்னைத்தான் கேக்கறாரு. 'பையன் வந்துட்டானா, பையன் வந்துட்டானா'ன்னு."

மாமனார் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். பெரிய உடம்பு, இப்போது போர்வைக்குள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. மூக்கின் மேலும் வாயின் மேலும் ஆக்சிஜன் மூடி. சுவரிலிருந்த குப்பியில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போர்வையின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டன. ஆயுசு முழுக்கத் துணி பிடித்த விரல்கள். கடையை விற்ற பிறகும் டெய்லர் என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும்.

"அப்பா," என்றான் அவன்.

அவர் கண்ணைத் திறந்தார். முகத்தைப் பார்த்தார். நெற்றி, கண், மூக்கு, அங்கிருந்து கீழே வந்து உதட்டுக்கு மேலே நின்றுவிட்டது பார்வை. அந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது.

"வாங்க," என்றார். "உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான்.

"துணி கொண்டாந்திருக்கீங்களா?"

"அப்பா, நான்தான்ப்பா."

"சரிங்க. இப்ப கை வேலை ஜாஸ்தி இருக்கு. திங்கக்கிழமை வாங்க. கண்டிப்பா முடிச்சு வச்சிடறேன்."

அவன் கொஞ்ச நேரம் குனிந்திருந்தான். அப்புறம், "சரிங்க," என்றான்.

அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனிதர் மகனை 'டேய்' என்றுதான் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். கோபம் வந்தால் நீளமான டேய், பாசம் வந்தால் குட்டையான டேய். ஒரு 'ங்க'வை அவர் வாயிலிருந்து அவனுக்காகக் கேட்டதில்லை.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டான்.

"மூடியோட பட்டி காதை அறுக்குது. கொஞ்சம் தளர்த்திட்டு வந்தேன். அந்தக் குப்பி சத்தம் கேட்டியா? தண்ணிக்குள்ள நம்ம மூச்சு இப்படித்தான் கேக்கும்."

அவள் தலையாட்டினாள்.

உடம்பு முடியாத அப்பாவை விட்டுத் தீவுக்குப் போகவே வேண்டாம் என்றுதான் அவன் இருந்தான். மாமனார்தான் துரத்தினார். "போய்ட்டு வாங்க. நான் எங்க ஓடிப்போகப் போறேன்?" கடலில் போட்டுக்கொள்ள அரைக்கால் சட்டை ஒன்றையும் தைத்துக் கொடுத்தார். கடைசியாகத் தைத்தது அதுதான். ஆழமான இரண்டு பாக்கெட் வைத்திருந்தார். நீந்துகிறவனுக்கு எதற்குப் பாக்கெட் என்று அவள் கேட்டதற்கு, "கை வைக்க இடம் இல்லாம எப்படிம்மா நிப்பான்?" என்றார்.

தீவில் முதலிரண்டு நாளும் அவன் எதையும் பார்க்கவில்லை. மூச்சு விடும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு குப்புற மிதக்க வேண்டியதுதான். ஒரு நிமிஷத்தில் கண்ணாடிக்குள் உப்புத்தண்ணீர் ஏறிவிடும். இருமிக்கொண்டு எழுந்து நிற்பான். படகுக்காரர் வாஸ்லின் தடவிப் பார்த்தார், வேறு கண்ணாடி கொடுத்தார். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். நாள் முழுக்க அடுத்தவர் முகத்தில் ஃபிரேம் பொருத்துவதுதான் அவள் தொழில். கண்ணாடியின் ரப்பரை அவன் முகத்தில் அழுத்திப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "மீசைதான் இடிக்குது. எடுத்துடலாமா? திரும்ப வளராதா என்ன?"

அறையின் குளியலறையில் அவளே எடுத்துவிட்டாள். கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். "யாரோ புது ஆள் மாதிரி இருக்கீங்க" என்றாள். மறுநாள் காலை முழுக்க அவன் தண்ணீரைவிட்டு வெளியே வரவில்லை. ஒருமுறை மட்டும் தலையைத் தூக்கிக் குழாயைத் துப்பிவிட்டு, "ஒரு பச்சை மீன் பவளத்தைக் கடிக்குதுடி! கறுக் கறுக்னு சத்தம் கேக்குது! நீயும் காதை உள்ள வச்சுப் பாரு!" என்று கத்தினான். இத்தனை வருஷத்தில் அவன் அப்படிக் கத்தி அவள் பார்த்ததில்லை. மத்தியானம் கரைக்கு வந்து துண்டை எடுத்தபோது போன் அடித்தது. அக்கா.

இப்போது அக்கா டீ வாங்கி வந்து நீட்டினாள். ஆறிப்போயிருந்தது. மூவரும் குடித்தார்கள்.

"என்னைத் தெரியலக்கா."

"மருந்து மயக்கம். என்னையே காலையில நர்ஸ்னு நினைச்சாரு."

"உன்னை அப்புறம் கண்டுபிடிச்சாரில்ல?"

அக்கா டம்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"பத்து நாள்ல வளந்துடும்," என்றான் அவன், யாரிடமும் இல்லாமல். டாக்டர் காலையில் சொன்னது, அக்கா போனில் சொல்லி அவனுக்கும் தெரியும். இன்று தாண்டுவது கஷ்டம்.

அவள் கைப்பையைத் திறந்தாள். ஈரமான சீப்பு, ஒரு சிப்பி, படகுச் சீட்டு. அடியில் கண்மைப் பென்சில் கிடைத்தது.

"இங்க திரும்புங்க."

"பைத்தியமா உனக்கு?"

"திரும்புங்கன்னேன்."

"ஆஸ்பத்திரியில வந்து வேஷம் கட்டறீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் அக்கா. "யாராவது பாத்தா சிரிப்பாங்க."

அவள் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். முகத்தின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அளந்து, சின்னச் சின்னக் கோடாகப் போட்டுக்கொண்டே போனாள். வெளுத்திருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. அவன் மூச்சு அவள் விரலில் பட்டது.

"அவ்ளோ மெல்லிசா இருக்காது," என்றாள் அக்கா எட்டிப் பார்த்து. "இன்னும் திக்கா போடு. ஓரத்துல கொஞ்சம் கீழ இறங்கும்."

"இப்படியா அண்ணி?"

"ம். போலீஸ்காரன் மாதிரி ஆயிடுச்சு. கொஞ்சம் கொறை."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதடு ஆடியதில் ஒரு கோடு வழுக்கியது. "ஆடாதீங்க" என்று அதட்டிய அவளும் சிரித்தாள். அக்கா சிரிக்க ஆரம்பித்து, சட்டென்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மூன்று டம்ளருக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம்.

மறுபடி உள்ளே போனபோது ஜன்னல் வெயில் கட்டிலுக்கு வந்திருந்தது. அவன் வெளிச்சம் முகத்தில் நேராகப் படாதபடி நின்று குனிந்தான்.

மாமனார் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். குப்பியில் குமிழி மட்டும் ஓடியது. அவள் தன் கையில் இன்னும் பென்சிலைப் பிடித்திருப்பதை உணர்ந்து, அதை முந்தானைக்குள் மறைத்தாள். உதட்டுக்கு மேலே கோடு கோடாக இருப்பது அவளுக்கே தெரிந்தது. துணியில் அரை நூல் கோணல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதரிடம் போய் இதைக் காட்டுகிறோமே என்றிருந்தது.

வலது கை போர்வையை விட்டு மெல்ல எழுந்தது. யாராவது எதிரே நின்றால் அவர்கள் காலரைச் சரிசெய்ய எழும் அதே கை. ஆனால் காலரில் நிற்கவில்லை. மேலே வந்து, கட்டைவிரல் அவன் உதட்டுக்கு மேலே பட்டது.

"டேய்," என்றார். மூடிக்குள் ஆவி படிந்தது.

"என்னப்பா."

"இடது பக்கம் இறங்கியிருக்கு."

கட்டைவிரல் ஓரத்திலிருந்து மேல்நோக்கி ஒருமுறை தேய்த்தது.

"சரி பண்ணிடறேன்ப்பா."

"ம்."

கை தானாகக் கீழே இறங்கியது. அவன் அதைப் பிடித்துப் போர்வையின் மேல் வைத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா உள்ளே வந்து அவர் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். வெயில் கட்டிலிலிருந்து இறங்கித் தரைக்குப் போனது. மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே இருந்த தூரம் கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் அடுத்தது வரவில்லை. குப்பி மட்டும் நிற்காமல் குமிழியிட்டது. நர்ஸ் வந்து அதை நிறுத்தினாள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. யாராவது ஒருத்தர் மட்டும் கூட இருங்க, உடம்பைத் துடைக்கத் திருப்பிப் பிடிக்கணும்."

மருமகள் இருந்தாள். கதவிலிருந்த சதுரக் கண்ணாடி வழியாக அவன் தெரிந்தான். யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் மீசை சரியாகவும், மறுபக்கம் கன்னம் வரை கருப்பு இழுபட்டும் இருந்தது. கடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தைக் கழுவச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். போகவில்லை.

நர்ஸ் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். கழுத்து, மார்பு, இடது கை. வலது கையை எடுத்து விரல்களை விரித்தாள்.

"என்னம்மா இது, விரல்ல மை மாதிரி?"

"அது இருக்கட்டும் சிஸ்டர்."

நர்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். துணியைத் தண்ணீரில் அலசப் போனாள். அவள் அந்தக் கட்டைவிரலை மடக்கி, மற்ற நான்கு விரல்களையும் அதன்மேல் மூடி வைத்தாள்.