ஹாலுக்குள் ஒரு தெரு

அந்த வீட்டு மாப்பிள்ளை ஒரு நாய். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பிறகு குழப்பம்தான். குட்டியாக வந்து இறங்கிய அன்றைக்கே, இருப்பதிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்து ஏறி உட்கார்ந்துகொண்டு, உள்ளேயிருந்து என்ன வரப்போகிறது என்பதுபோல் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். "வாங்க மாப்பிள்ளை, பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்றார் வீட்டுக்காரரின் தம்பி. பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டில் யாரும் அவரை 'அது' என்று சொல்வதில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

வீட்டம்மாவுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: சூப்பர்வைசர். பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மேலதிகாரி. கட்டிலுக்கு அடியில் விரலை ஓட்டிப் பார்ப்பார். விரலில் தூசி ஒட்டினால் அந்த மாடியே கிடுகிடுக்கும். வேலை முடிந்ததும் அந்த விரலை ஓட்டலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவாரா என்றால், அதுதான் இல்லை. வீட்டிலும் அதே விரல், அதே சட்டம்.

மாப்பிள்ளை வந்த புதிதில் ஒருமுறை ஹாலில் ஈரம் பண்ணிவிட்டார். ஒரே ஒருமுறை. சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று மேலே ஓடிவந்துவிட்டார்கள். அத்தோடு சரி. அடை மழையோ, காய்ச்சலோ, வீடு நிறைய விருந்தாளியோ, மாப்பிள்ளை கதவருகில் போய் நிற்பார். கூட்டிப்போக ஆள் வரும்வரை அப்படியே நிற்பார். "ஒரு சொட்டு! இத்தனை வருஷத்துல என் தரையில ஒரு சொட்டு பார்த்திருப்பீங்களா?" என்று சூப்பர்வைசர் ஓட்டலில் போய்ப் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது.

அந்தப் பெருமைதான் இப்போது கழுத்தை நெரித்தது.

தெருமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் மாப்பிள்ளையை இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. இடுப்பெலும்பு உடைந்து, தகடு வைத்து, தையல் போட்டு, ஆஸ்பத்திரி ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் தூக்கிவந்து மூன்றாம் மாடியில் இறக்கிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற மனிதர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அதைச் சொல்லி அவரைக் கேலி செய்யாத உறவினர் யாரும் பாக்கியில்லை. அன்றைக்கு மட்டும் யாரும் கேலி செய்யவில்லை.

"வயித்துக்கு அடியில பெரிய துண்டு ஒண்ணைக் கொடுத்துத் தாங்கிப் பிடிங்க. வீட்டுக்குள்ள நாலு எட்டு நடக்கலாம். படி மட்டும் கூடவே கூடாது, தகடு நகர்ந்துடும்" என்று நாய் டாக்டர் சொல்லியிருந்தார். சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. "ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் உள்ளேயே போகட்டும். பேப்பரை விரிச்சு வையுங்க."

உள்ளேயே போகட்டுமாம். அதை மாப்பிள்ளையிடம் யார் சொல்வது?

ஒரு பகல் போயிற்று, ஓர் இரவு போயிற்று, மறுநாள் மத்தியானமும் தாண்டிவிட்டது. சொட்டுக்கூட இல்லை. வயிறு கல்லாக இருந்தது. மாப்பிள்ளை மெத்தையில் படுத்தபடி வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வலி தாங்காமல் மெல்ல முனகுவார். யாராவது பார்த்தால் முனகலை நிறுத்திவிட்டு வாலை லேசாக ஆட்டுவார். அந்த வாலைப் பார்க்கத்தான் யாருக்கும் சக்தியில்லை.

மகள் டாக்டருக்குப் போன் போட்டாள். எல்லோரும் கேட்கிற மாதிரி போனை நடுவில் வைத்தாள்.

"ரொம்ப நேரம் அடக்கினா மூத்திரப்பை விரிஞ்சுபோய், அப்புறம் அவரா போகணும்னு நினைச்சாலும் வராது" என்றார் டாக்டர். "விஷம் ரத்தத்துல ஏறிடும். சாயங்காலம் இங்க முடிச்சுட்டு நானே வர்றேன். அதுக்குள்ள போகலைன்னா ட்யூப் போட வேண்டியதுதான். ஆனா உள்ளதைச் சொல்லிடறேன். ட்யூப் போட மறுபடி மயக்கம் கொடுக்கணும். போன மயக்கத்துலயே இதயம் ரெண்டு தடவை தடுமாறுச்சு. வயசாயிடுச்சு பாருங்க. இன்னொண்ணைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

மகள் போனை வைத்தாள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

முதலில் வீட்டுக்காரர் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் வந்துவிடுமாம். வாளி நிறைந்ததுதான் மிச்சம். பிறகு, மாப்பிள்ளைக்குப் பெயர் வைத்த கொழுந்தனார் மெத்தைக்குப் பக்கத்தில் குந்தி, கைக்குழந்தைக்குச் செய்வதுபோல் "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று ஆரம்பித்தார். கல்யாணங்களில் போட்டோ எடுக்கிற தொழில் அவருக்கு. அழுகிற பெண்ணையும் முறைக்கிற மாமனாரையும் சிரிக்கவைத்துவிடுவேன் என்று மார்தட்டுகிறவர். வெகுநேரம் ஊதிவிட்டு, தானே எழுந்து பாத்ரூமுக்கு ஓடினார்.

"யாரோ ஒருத்தருக்காவது வேலை செஞ்சுதே சித்தப்பா" என்றாள் மகள். சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

மகள் கீழே போய் ஒரு தட்டு நிறைய மண்ணும் புல்லும் பெயர்த்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை மோந்து பார்த்தார். பிறகு, பரிசு கொண்டுவந்ததற்கு நன்றி என்பதுபோல் அவள் கையை நக்கிவிட்டுக் கதவைப் பார்த்தார். பாத்ரூமுக்கு நடத்திப் போனார்கள். அவர் குளிப்பாட்டப் போகிறார்கள் என்று நினைத்து வெடவெடவென்று நடுங்கினார். திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள்.

"அண்ணி, நீங்க சொல்லிப் பாருங்க. நீங்க சொன்னா கேப்பாரு" என்றார் கொழுந்தனார்.

சூப்பர்வைசர் சொன்னார். "போ கண்ணா. இங்கேயே போ. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று குழைந்தார். பிறகு அதட்டினார். பிறகு கெஞ்சினார். ஓட்டலில் ஒரு புருவம் தூக்கினால் ஓடுகிற ஆட்களைப் பார்த்துப் பழகியவருக்குக் கெஞ்சத் தெரியாது. கெஞ்சலும் அதட்டல் மாதிரியே வந்தது. மாப்பிள்ளை காதுகளைத் தாழ்த்திக்கொண்டார்.

கடைசியில் அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. ஒரு செம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, பளபளவென்று இருந்த தன் தரையில் தானே ஊற்றினார். பார், நனைந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை பார், என்று காட்டத்தான். மாப்பிள்ளை அந்த ஈரத்தைப் பார்த்தார். சூப்பர்வைசரைப் பார்த்தார். உடம்பைச் சுருக்கிக்கொண்டு, தலையை மெத்தைக்குள் புதைத்துக்கொண்டார். தான்தான் செய்துவிட்டதாகத் திட்டப்போகிறார்கள் என நினைத்துவிட்டார், பாவம்.

சூப்பர்வைசர் செம்பை அப்படியே கீழே வைத்தார்.

"என் வாய்தான்" என்றார். "என் வாய்தான் இவரைக் கொல்லப் போகுது."

சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வரலாம் என்று எழுந்தார். அதற்குக்கூட மனசு வரவில்லை. அவர் நகர்ந்தால் மாப்பிள்ளையின் கண்ணும் கூடவே நகர்ந்தது. அடித்து வளர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இவ்வளவு நம்பிக்கையாக ஒருவர் தன் பேச்சைக் கேட்டுச் சாகப்போகிறார் என்பதை எப்படித் தாங்குவது? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது. மருந்துக்கடைக்கு ஓடிய வீட்டுக்காரர், வலி மாத்திரையோடு ஒரே மூச்சில் மூன்று மாடியும் ஏறி, அதே வேகத்தில் ஹாலின் நடுவில் வந்து நின்றார். காலில் ஷூ. வேலைக்குப் போட்டுப்போகிற, கிரீஸும் புழுதியும் அப்பிய, ஆளை அடிக்கிற கனத்தில் இருக்கிற ஷூ.

அந்த வீட்டில் வாசற்படியைத் தாண்டிச் செருப்பு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் குனிந்து தன் காலைப் பார்த்து வெலவெலத்துப் போனார். சூப்பர்வைசருக்குப் பழக்க தோஷத்தில் வாய் திறந்தேவிட்டது.

திறந்த வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் மாப்பிள்ளை தலையைத் தூக்கியிருந்தார்.

ஷூவைப் பார்த்தார். தரையில் பதிந்த மண்தடத்தைப் பார்த்தார். மூக்கு விறுவிறுவென்று வேலை செய்தது. காது இரண்டும் விறைத்து நின்றன. காலையில் தெருவுக்குக் கிளம்பும்போது நிற்குமே, அதேமாதிரி.

"ஏங்க, கழட்டாதீங்க!" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

"தெரியாமப் போட்டுட்டேம்மா, இதோ கழட்டிட..."

"கழட்டாதீங்கன்னு சொல்றேன்ல! இவருக்கு வீடு எது தெரு எதுன்னு எப்படித் தெரியும்? சுவரைப் பார்த்தா? நம்ம காலைப் பார்த்துத்தான்! செருப்பு இல்லைன்னா வீடு, செருப்பு இருந்தா தெரு. எல்லாரும் போய்ச் செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க. ஓடுங்க!"

ஒரு விநாடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் வீடு அமர்க்களப்பட்டது. மகள் தன் செருப்பை மாட்டினாள். கொழுந்தனார் கைக்குக் கிடைத்த அண்ணனின் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு டக் டக்கென்று வந்தார். சூப்பர்வைசர் காலை நடைக்குப் போடுகிற செருப்பை மாட்டி, தோளில் பையைப் போட்டு, சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக் கலகலவென்று ஆட்டினார். கழுத்துச் சங்கிலியை ஆணியிலிருந்து எடுத்தார். மாப்பிள்ளையின் வால் மெத்தையில் ஒரு தட்டுத் தட்டியது.

"ஜன்னலெல்லாம் திற, தெருச் சத்தம் உள்ள வரட்டும். பாயைச் சுருட்டு. தம்பி, நீங்க அந்த மண்ணையும் புல்லையும் தரையில கொட்டுங்க."

"தரையிலயா அண்ணி?"

"வேற எங்க, தலையிலயா? நல்லா இறைச்சு விடுங்க!"

கொழுந்தனார் ஆயுசில் இப்படி ஓர் உத்தரவு கிடைக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை. விதை விதைப்பவர்போல் வீசி வீசி இறைத்தார்.

அப்பாவும் மகளும் துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்து மாப்பிள்ளையைத் தாங்கி நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, தினமும் காலையில் சொல்கிற அதே குரலில், "கிளம்பலாமா?" என்றார்.

கிளம்பினார்கள். சோபாதான் தெருமுனையில் எப்போதும் நிற்கிற வேன். அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கொழுந்தனார் ஓடிப்போய் ஜன்னலருகில் நின்று, கீழே கேட்டில் நிற்கும் வாட்ச்மேனின் கரகரக் குரலில், "என்ன மாப்பிள்ளை, வாக்கிங்கா?" என்றார். சாப்பாட்டு மேசை தையற்கடை. அங்கே சூப்பர்வைசர் ஒரு நிமிஷம் நின்றார், தினமும் நிற்பதுபோல. செருப்புகள் மண்ணில் நறநறத்தன. மாப்பிள்ளை மோந்து மோந்து நடந்தார். வலியில் பின்னங்கால் இழுத்தது, ஆனாலும் நடந்தார். படுக்கையறை வாசலுக்குப் பக்கத்தில் இரும்பு பீரோ. அதன்முன் நின்றார். விளக்குக் கம்பத்தைப் பார்க்கிற மாதிரி அதை மேலும் கீழும் பார்த்தார்.

நின்றார். நின்றுகொண்டே இருந்தார். திரும்பிச் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தார்.

"வரலையேம்மா" என்று கிசுகிசுத்தாள் மகள்.

சூப்பர்வைசருக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவில் அவர் ஒருநாளும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. ஆம்பிளையாச்சே, கூச்சமாக இருக்காதா என்று, வேறுபக்கம் திரும்பிக்கொண்டு தையற்கடையில் தொங்குகிற துணிகளை விலை பேசுகிறவர்போல் பார்ப்பார். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார். துண்டைப் பிடித்திருந்தவர்கள் முகத்தை மட்டும் திருப்பினார்கள். கொழுந்தனார் ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார். சூப்பர்வைசர் வெற்றுச் சுவரைப் பார்த்தபடி, "அந்த நீலத் துணி நல்லாயிருக்கில்ல?" என்றார். "சாயம் போகுமோ என்னவோ."

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சொட்டு. பிறகு சர்ரென்று ஒரு சத்தம். அந்த வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓர் இன்னிசையை யாரும் கேட்டதில்லை.

அது நிற்கவில்லை. பீரோவின் காலை நனைத்து, மண்ணைக் கரைத்து, புல்லை மிதக்கவிட்டு, வீட்டுக்காரரின் ஷூவைத் தொட்டு, ஹாலின் பள்ளமான மூலையை நோக்கி நிதானமாகக் கிளம்பியது. போய்க்கொண்டே இருந்தது. கொழுந்தனாரின் தோள்கள் குலுங்கின. மகள் சத்தமில்லாமல் அழுதாள். வீட்டுக்காரர் மட்டும், "விடுங்க மாப்பிள்ளை, விடுங்க விடுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாக நின்றது. மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். தெரு இல்லை, வீடு என்று அப்போது தெரிந்ததோ என்னவோ, காதுகள் கீழே போயின. மெல்ல, பயந்து பயந்து, சூப்பர்வைசர் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

சூப்பர்வைசர் அந்த ஈரத்திலேயே சப்பென்று உட்கார்ந்தார். நல்ல புடவை. பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தலையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "என் ராஜா! என் சிங்கமே! ஜெயிச்சுட்டடா! அம்மாவையே ஜெயிச்சுட்ட!" என்று கத்தினார். கீழ்வீட்டுக்காரர்கள் ஓடிவருகிற அளவுக்குக் கத்தினார். மாப்பிள்ளைக்கு நம்ப முடியவில்லை. அவர் முகத்தை ஒருமுறை நக்கிப் பார்த்தார். உப்பாக இருந்திருக்கும். பிறகு நம்பினார். நம்பியதும் வால் ஆரம்பித்தது. இரும்பு பீரோவில் பட்டு டமார் டமார் என்று முழங்கியது.

டாக்டர் ட்யூபும் பையுமாகப் படியேறி வந்துகொண்டிருந்தார். இரண்டாம் மாடியில் அந்தச் சத்தம் கேட்டுப் பயந்து, மிச்சப் படிகளை ஓடி ஏறி, வாசலில் மூச்சு வாங்க நின்றார். உள்ளே ஹால் முழுக்கச் சேறு. அதன் நடுவில் ஒரு பூட்ஸ்காரர் குதித்துக்கொண்டிருந்தார். ஈரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தினார். மேலதிகாரி வந்து சோதனை போடும் நாளில், அறை நன்றாக வந்திருக்கிறது என்று தெரிந்த சூப்பர்வைசரின் தோரணை அது.

"வாங்க டாக்டர், வந்து பாருங்க" என்றார். "யாரையும் தொடைக்க விடாம வச்சிருக்கேன்."