சின்னவளின் பலகையில் விழுந்த பள்ளங்கள்

பிசின்காரி தன் தங்கையைத் திட்டும்போதெல்லாம், இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் படகுக் கழகத்தின் கொட்டகையில் சாத்தி வைத்திருந்த தங்கையின் பாய்ப்பலகையில் ஒரு பள்ளம் விழுந்தது. 'சனியன்' என்றால் கட்டைவிரல் பதிந்த அளவு. 'துரோகி' என்றால் முட்டையை வைத்து அழுத்தி எடுத்த அளவு. 'நீ விளங்கவே மாட்ட' என்று ஒரு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதற்குப் பலகையின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடியது. இது ஆறு ஆண்டுகள் நடந்தது. முதல் நான்கு ஆண்டுகள் இந்த விஷயம் யாருக்கும் தெரியாது, திட்டியவளுக்கும் தெரியாது. அடிபட்ட பலகையைச் சரிசெய்ய அந்தக் கடற்கரை முழுக்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அது பிசின்காரி.

அவளும் ஒரு காலத்தில் பலகைமேல் நின்றவள்தான். காலடியில் பலகை, கையில் பாய், காற்று இழுத்துக்கொண்டு போகும் அந்தப் பந்தயத்தில் அக்காவும் தங்கையும் முதல் இரண்டு இடங்களை வெளியாருக்கு விட்டதில்லை. தங்கைக்குப் பலகைமேல் நிற்கச் சொல்லிக்கொடுத்தவளே அக்காதான். ஒரு பந்தயத்தில், திரும்ப வேண்டிய மிதவைக்குப் பக்கத்தில் இருவரும் நேருக்கு நேர் வந்தார்கள். யாரும் விலகவில்லை. தங்கையின் பலகை மூக்கு அக்காவின் இடது தோளில் ஏறியது. எலும்பு மூன்றாக உடைந்தது. அதற்குப் பிறகு அந்தக் கை காதுக்கு மேலே போனதில்லை. மேசை போட்டு உட்கார்ந்திருந்த நடுவர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, வழி விட்டிருக்க வேண்டியவள் அக்காதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். தங்கை அன்று மாலையே கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். கட்டுப் போட்ட கையோடு தண்ணீர் எடுக்க வந்த அக்கா அதைப் பார்த்தாள். அந்த வாரமே பெட்டியோடு கிளம்பிவிட்டாள். படகு எஞ்சின் கடைக்கும் சலூனுக்கும் நடுவே தகரக்கூரை போட்ட அறை ஒன்று காலியாக இருந்தது. பலகைகளின் உள்ளும் புறமும் தெரிந்தவளுக்கு அவற்றைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் போதுமானதாக இருந்தது. கையிலும் கூந்தலிலும் எபாக்ஸிப் பிசின் ஒட்டிக் காய்ந்து கிடந்ததால் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது.

சின்னவள் ஒருநாளும் நேரில் வரவில்லை. பலகையை வண்டியில் ஏற்றி இறக்கியது அவர்களுடைய அம்மா. "சும்மா சாத்தி வெச்சிருந்த பலகைடி, எப்படி அடிபட்டுச்சுன்னே தெரியலைங்கறா" என்று ஒவ்வொரு தடவையும் அம்மா சொல்வாள். "அவளுக்கு என்னதான் தெரிஞ்சுது இதுவரைக்கும்?" என்று பெரியவள் கேட்பாள். அந்தக் கேள்விக்கும் எங்கோ நகம் பட்டது போல ஒரு கீறல் விழுந்திருக்கும். ஆனால் பலகை மேடைமேல் ஏறிவிட்டால் வாயைத் திறக்கமாட்டாள், வேலையிலும் குறை வைக்கமாட்டாள். நொறுங்கிய மேல்தோலை வெட்டி எடுத்து, உள்ளே இருக்கும் தெர்மாகோல் குடித்த உப்புத்தண்ணீர் காயும்வரை விளக்கடியில் இரண்டு வாரம் கிடத்துவாள். பிசினையும் கெட்டியாக்கும் மருந்தையும் தராசில் நிறுத்துக் கலந்து, மாவு போன்ற தூளைச் சேர்த்துப் பள்ளத்தை நிரப்பி, மேலே கண்ணாடி நார்த்துணியை இரண்டு அடுக்காக ஒட்டுவாள். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மேடு பள்ளம் விரலுக்குத் தெரியாமல் ஆக்கிய பிறகுதான் பெயின்ட். எங்கே அடிபட்டிருந்தது என்று சின்னவள் தடவிப் பார்த்துத் தேடித் தோற்றுப்போனதாக அம்மா வந்து சொன்னபோது, பிசின்காரிக்கு அன்று முழுக்க உடம்பு லேசாக இருந்தது.

பள்ளம் மறையும், எடை மறையாது. ஏழு கிலோவாக இருந்த பலகை நான்கு ஆண்டுகளில் ஒன்பதரை கிலோ ஆனது. சின்னவள் முதலிடத்திலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து ஒன்பதுக்கும் இறங்கினாள். அக்காக்காரி உள்ளே மணல் வைத்து அடைக்கிறாள் என்று கழகத்தில் பேசிக்கொண்டார்கள். அது பிசின்காரியின் காதுக்கு வந்த அன்று அவள் கை அலமாரியின் மூலையில் இருந்த இன்னொரு டப்பாவுக்குப் போனது. அது வேறு வகைப் பிசின். தெர்மாகோலில் பட்டால் சர்க்கரையில் வெந்நீர் ஊற்றினது போலக் கரைத்துத் தின்றுவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே வெறும் பொந்து இருக்கும். மூடியைத் திறந்தாள், முகர்ந்தாள், மூடினாள். தங்கைமேல் இரக்கப்பட்டல்ல. அப்படிப்பட்ட வேலை தன் கையிலிருந்து வெளியே போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர் சலூன்காரர். அவருக்கும் பிசின்காரிக்கும் நடுவே ஒற்றைப் பலகைச் சுவர்தான். அவள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டேதான் அவர் ஆறு நாளும் முடி வெட்டினார், ஏழாம் நாள் கழகத்துக்காரர்களுக்கு வெட்டப் போனார். "ஏம்மா, நேத்து பதினோரு மணி வாக்குல 'துரோகி'ன்னு ஒரு சத்தம் போட்டியாமே, எஞ்சின் கடைக்காரர் சொன்னாரு. அதே பதினோரு மணிக்குக் கழகத்துல உன் தங்கச்சி பலகை டப்புன்னு ஒடுங்கிச்சும்மா. நான் கிட்டத்துலதான் நின்னேன். யாரும் தொடலை" என்றார். அவள் நம்பவில்லை. மறுநாள் அவரை முன்கூட்டியே கொட்டகைக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லிவிட்டு, நாலு பத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்து 'மூதேவி' என்று சொன்னாள். சரியாக நாலு பத்துக்குப் பள்ளம் விழுந்ததாக அவர் வந்து சொன்னார். இதற்குப் பிறகு அவள் திட்டுவதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பந்தய வாரமாகப் பார்த்துத் திட்டினாள். இரண்டு ஆண்டுகள் வாயால் உடைத்ததைக் கையால் ஒட்டினாள், ஒட்டியதை மறுபடி உடைத்தாள். இரண்டையும் மனதாரச் செய்தாள்.

நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயத்தன்று சலூன்காரர் செய்தித்தாளை உரக்கப் படித்தார். அதில் சின்னவளின் பேட்டி வந்திருந்தது. இந்த விளையாட்டை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டிருந்தார்கள். யாரிடமும் இல்லை, நானேதான் கற்றுக்கொண்டேன் என்று சொல்லியிருந்தாள். பிசின்காரி அப்போது ஒரு கோப்பையில் பிசின் கலக்கிக்கொண்டிருந்தாள். கலக்குவதை நிறுத்தாமலே, "நடுவுல ரெண்டாப் பொளந்து போக" என்றாள். கரையிலிருந்து தொலைவில், பாய்க்கம்பு பொருந்தும் இடத்தில் பலகை இரண்டாகப் பிளந்தது. சின்னவள் ஒரு பாதியைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் மிதந்தாள். மீட்புப் படகு கொண்டுவந்தபோது உதடு நீலமாக இருந்தது. எஞ்சின் கடைக்காரர் ஓடிவந்து சேதி சொல்லும்போது பிசின்காரியின் கோப்பை சூடேறிப் புகைந்து, நட்ட குச்சியோடு கல்லாக இறுகிப்போயிருந்தது. அவள் ஆஸ்பத்திரி வாசல்வரை போனாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்துவிட்டாள்.

நான்காம் நாள் காலை சின்னவளே வந்தாள். இரண்டு பாதியையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து மேடைமேல் போட்டாள்.

"இத ஒட்ட முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு."

"செத்துப் பொழச்சு வந்தவ, ஒரு வார்த்தை அக்கான்னு கூப்பிட்டுட்டுப் பேசலாமே."

"ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனவளுக்குப் பேரு அக்காவா? ஜன்னல் வழியாப் பார்த்தேன்டி."

"சனியனே, யாரைடி வாடி போடிங்கற?" என்றாள் பிசின்காரி. மேடைமேல் இருந்த முன்பாதியில் சொடக்குப் போட்டது போல ஒரு சத்தம். கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம்.

சின்னவள் பள்ளத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நீதானா? ஆறு வருஷமும்?"

"நாலு வருஷம் எனக்கே தெரியாது. ரெண்டு வருஷம் தெரிஞ்சேதான் பண்ணேன்."

"அன்னிக்குக் கடல்ல?"

"அதுவும் நான்தான்."

அடிப்பாள் என்று பிசின்காரி எதிர்பார்த்தாள். நல்ல கையை முகத்துக்கு நேரே தூக்கியும் வைத்துக்கொண்டாள். சின்னவள் பக்கத்தில் இருந்த வாளியை எட்டி உதைத்தாள், அவ்வளவுதான். பிறகு மூச்சு வாங்கியபடி, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "மிதவைகிட்ட நான் உன்னப் பார்த்தேன். திருப்ப நேரம் இருந்துச்சு. வேணும்னேதான் திருப்பலை. சின்னவதானே, இவதான் எப்பவும் வெலகுவான்னு நீ பாட்டுக்கு வந்தே. வீட்டுலயும் அப்படித்தான், தண்ணியிலயும் அப்படித்தான். அந்த ஒரு தடவ நான் வெலகலை."

இதில் ஒரு வசவும் இல்லை. ஆனால் பின்பாதியில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம் இறங்கியது. அதுவரை விழுந்ததிலேயே ஆழமானது அதுதான். பக்கத்தில் கத்தரிக்கோல் சத்தம் நின்றுவிட்டது. பிசின்காரி இந்தச் சொல்லுக்காக ஆறு ஆண்டுகள் காத்திருந்தாள். கேட்டால் நெஞ்சு ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் ஆறவில்லை. தோள் எப்போதும் போல வலித்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பியா?"

"மாட்டேன்."

"நானும் கடல்ல கெடந்தத மறக்கப்போறதில்ல. ஒட்டுவியா மாட்டியா?"

"ஒரு மாசம் ஆகும். முதல்ல காயணும்."

சின்னவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். "திட்டறதுன்னா பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே மொத்தத்தையும் திட்டித் தொலை. அடிச்சதுக்கு அப்புறம் வாயத் தொறக்காத."

அப்படித்தான் ஏற்பாடானது. பலகை ஒட்டி முடிந்தபோது பதினோரு கிலோ இருந்தது. நாட்டு அணிக்கு வேறு யாரோ போனார்கள். லேசான காற்றில் சின்னவளால் யாரையும் முந்த முடியவில்லை. மற்றவர்களின் பலகைகள் துள்ளிக் கவிழும் பெருங்காற்றில் மட்டும் அவளுடையது தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு போனது. அந்த மாதிரி நாட்களில் அவள் ஜெயித்தாள். திங்கட்கிழமை காலைகளில் பலகையை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். கவிழ்த்துப் போட்ட டிரம்மின்மேல் உட்கார்ந்து இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார்கள். யார் திட்டினாலும் அடி பலகைக்குத்தான் விழுந்தது. அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, காதில் விழாதவள் போல வெளியே போய் நின்றாள். சலூன்காரர் அந்த நேரத்துக்கு ரேடியோவைக் கூட்டி வைத்தார். சலூனுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்டால், "அது ஒண்ணுமில்ல, அக்கா தங்கச்சி பலகைய ரிப்பேர் பண்றாங்க" என்பார்.

சத்தம் ஓய்ந்ததும் பிசின்காரி பென்சிலை எடுத்து ஒவ்வொரு பள்ளத்தைச் சுற்றியும் வட்டம் போடுவாள். நிரப்பி, ஒட்டி, தேய்த்து முடித்த பிறகு வெள்ளை பெயின்ட் டப்பாவைக் கையில் எடுப்பாள். மூடியைத் திறக்குமுன் ஒரு தடவை கேட்பாள்.

"இன்னும் ஏதாவது இருக்கா?"

சின்னவள் யோசிப்பாள்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்பாள். பிசின்காரி டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்துக்கொள்வாள்.